பாஞ்சாலை யாரைப் பார்த்துச் சிரித்தாள்?

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் பொம்மை வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். மேஸ்திரியைப் பார்த்துச் சிரிப்பார்கள், டீ கொண்டுவருகிறவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஒன்றுமில்லாததற்கும் சிரிப்பார்கள். யாரும் அவர்களிடம் கணக்குக் கேட்டதில்லை. பாஞ்சாலை சிரித்தது மட்டும் கேமராவில் மாட்டிக்கொண்டது. அன்றைக்குப் பிடித்த சனி இத்தனை வருஷம் கழித்து வந்து ஆட்டி வைத்தது.

அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் விலாவில் ஒரு கோடு தடித்து நிற்கும். அதைப் பிளேடால் சீவி, நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் பாஞ்சாலையின் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை, அதே பெஞ்சு. புருஷன் கொளஞ்சிநாதன் லாரி ஓட்டுகிறவன். எப்போதாவதுதான் குடிப்பான், கை நீட்டியதில்லை, லோடு இறக்கினால் நேரே வீட்டுக்கு வந்துவிடுவான். உடன் வேலை செய்கிற பெண்கள் கண் வைக்கிற அளவுக்கு நல்ல புருஷன்தான், அப்போது.

மகள் பூங்கோதை கைக்குழந்தையாக இருந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் கம்பெனிக்கு வந்தது. தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒருவன் பீங்கான் கம்பெனிக்கு வருகிறான் என்று கதை. கடைசிக் காட்சியில் அவன் ஒரு பெண்ணிடம், "என் தம்பியைப் பார்த்தீங்களா?" என்று கேட்பான். அவள் பதில் சொல்லாமல் நிமிர்ந்து, அவனைத் தாண்டி எங்கேயோ பார்க்க வேண்டும். நடிக்க வந்த பெண் சூளைச் சூடு தாங்காமல் மயங்கி விழ, "அந்தம்மாவையே உட்கார வைங்க" என்று டைரக்டர் பாஞ்சாலையைக் காட்டினார். பாஞ்சாலை நிமிர்ந்தாள், பார்த்தாள், லேசாகச் சிரித்தும்விட்டாள். சிரிக்கும்படி யாரும் சொல்லவில்லை. டைரக்டருக்கு அது பிடித்துப்போய், அந்தச் சிரிப்போடு படத்தை முடித்துவிட்டார்.

'ஆறாத சூளை' என்று பேர் வைத்து வந்த அந்தப் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. முடிவு எங்கேடா என்று தியேட்டரில் கத்தினார்கள். பிறகு எல்லோரும் மறந்தார்கள். பாஞ்சாலையும் மறந்துவிட்டு அடுத்த பொம்மையைச் சீவப் போனாள்.

போன வருஷம் யாரோ அதைத் தோண்டி எடுத்து செல்போனில் போட்டார்கள். தியேட்டரில் குப்பையாக இருந்தது செல்போனில் காவியமாகிவிட்டது. ஒன்றுமே புரியாததால் ஆளுக்கொரு கட்சி கட்டினார்கள். தம்பியைக் கொன்று சூளையில் போட்டுவிட்டார்கள், அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அதனால்தான் அந்த விஷமச் சிரிப்பு என்றது ஒரு கட்சி. தம்பி சாகவே இல்லை, அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறான், அவள் அவனுடைய காதலி என்றது இன்னொன்று. தம்பி என்று ஒருத்தனே கிடையாது, அண்ணன்தான் பைத்தியம் என்றது மூன்றாவது. படித்த பிள்ளைகள் இதற்காக ஒருவன் தாயை ஒருவன் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பக்கத்துப் பெஞ்சுக் கமலம், "ஏன்டி, ஒருத்தன் ஒன்னக் கொலகாரின்றான், ஒருத்தன் காதலின்றான். ஒரு நாளைக்கு ஒண்ணா இருந்துட்டுப் போயேன்" என்று கேலி செய்தாள். கொளஞ்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. வேப்பூர் ஹைவே ஓட்டலில் லாரிக்காரர்களிடமெல்லாம் போனை நீட்டி, "எங்க வூட்டுக்காரிதாம்பா" என்று காட்டினான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. டைரக்டரை ஒரு பேட்டிக்குக் கூப்பிட்டு, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். மனுஷனுக்கே தெரியாது. தெரியாது என்று சொன்னால் வந்த மதிப்பு போய்விடும். தாடியைத் தடவிக்கொண்டு, "அதை நான் எழுதலை. அங்கே நின்ன யாரையோ பார்த்து அவங்க சிரிச்சாங்க. யாரைன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அந்த ரகசியத்தை நான் கேட்கவே இல்லை. அதுதான் கலை" என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

வேப்பூர் ஓட்டலில் அதைப் பார்த்த ஒரு டிரைவர் இலையிலிருந்து தலையைத் தூக்கினான். "ஏம்பா கொளஞ்சி, அப்போ கேமராவுக்குப் பின்னால நின்னது யாருப்பா?" கொளஞ்சி பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"அன்னிக்கு ஷூட்டிங்குல யாரப் பாத்துச் சிரிச்ச?"

"யாருக்குத் தெரியும்? பதினாலு வருசம் ஆவுது. ஞாபகம் இல்லியேங்க."

உள்ளதைத்தான் சொன்னாள். பொய் சொல்லிப் பழகியவளாக இருந்தால் "ஒங்களத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பாள். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஞாபகம் இல்லை என்றால் மறைக்கிறாள் என்றுதான் அர்த்தம் என்று கொளஞ்சி முடிவு கட்டினான். அன்று அந்தப் பக்கம் யார் யார் நின்றார்கள் என்று ஊரெல்லாம் விசாரித்தான். சூளை அடுக்குகிற கருப்பன் நின்றதாக யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். கருப்பன் செத்தே பல வருஷமாகிறது. செத்தவனை எழுப்பியா கேட்க முடியும்?

கொளஞ்சி கேட்டதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பூங்கோதை பையைக் கழற்றாமலே, "யாருன்னு சொல்லிட்டாத்தான் இன்னாம்மா? ஸ்கூலுல எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். பெற்ற மகளும் கேட்டுவிட்டாளே என்று பாஞ்சாலைக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. அன்று இரண்டு பொம்மைகளின் கழுத்தை ஒடித்து, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அது பெரிதாகத் தெரியவில்லை, இது தெரிந்தது.

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவார்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக முடியாதவர்கள் தங்கள் குறையைக் காகிதத்தில் எழுதி, கொளஞ்சியப்பர் என்கிற முருகன் சன்னதியில் வைத்துக் கும்பிட்டு, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மாடு களவு போனவன் கட்டுவான், பங்காளியிடம் ஏமாந்தவன் கட்டுவான். காரியம் தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். பேரிலேயே அந்தச் சாமியை வைத்திருக்கிற கொளஞ்சிநாதன், தன் மனைவி யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று முருகன் கண்டு சொல்ல வேண்டும் என்று எழுதிக் கட்டினான். கட்டிவிட்டு, துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

விஷயத்தைக் கமலம்தான் வந்து சொன்னாள். மாடு திருடினவன் பேரோடு தன் பேரும் அந்த வேலில் தொங்குகிறதே என்று பாஞ்சாலைக்கு வயிறு எரிந்தது. படம் புரியவில்லை என்றால் பத்துத் தரம் போட்டுப் பார்க்கிறார்கள், ஆகா என்கிறார்கள். பொண்டாட்டிக்கு ஒன்று ஞாபகம் இல்லை என்றால் சாமி வரைக்கும் போகிறார்கள். கம்பெனியிலும் அவள் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

சில மாதம் இப்படியே போயிற்று. கடலூர்ப் பக்கத்திலிருந்து நிலவன் என்கிற பையன் யூட்யூப் சேனல் நடத்திக்கொண்டிருந்தான். காதலி கட்சிக்காரன். அவன் அலைந்து திரிந்து, அந்தப் படத்தில் வேலை செய்த ஒருவரிடமிருந்து ஷூட்டிங் அன்று எடுத்த போட்டோ ஒன்றை வாங்கிப் போட்டான். பக்கவாட்டிலிருந்து எடுத்தது. ஒரு ஓரத்தில் சிரிக்கிற பாஞ்சாலை. நடுவில் கேமரா. அவள் பார்க்கிற திக்கில் லுங்கி கட்டிய ஒரு வாலிபன், தோளில் குழந்தை. குழந்தை அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறது. அவன் வலியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். பார்த்தால் கொளஞ்சிநாதன்.

அங்கே போய் நின்றது அவனுக்கும்தான் ஞாபகம் இல்லை. அதை மறைத்தாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே பிராதை வாபஸ் வாங்கினான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அல்வாவும் பூவும் வாங்கிக்கொண்டு, நிலவனையும் அவன் கேமராவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "முருகன் காட்டிட்டான்டி!" என்று வாசலிலேயே கத்தினான். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சாமி தீர்ப்புச் சொன்ன பிறகு இவன் சொல்ல என்ன இருக்கிறது?

நாற்காலி போட்டு உட்கார்ந்து பேட்டி கொடுத்தான். "எனக்கு அப்பவே தெரியும் சார். எம்மேல அதுக்கு அம்மாம் பிரியம்." பாஞ்சாலை நிலவனின் போனை வாங்கிப் போட்டோவைப் பார்த்தாள். மயிரைப் பிடிகொடுத்துவிட்டு நிற்கிற அந்த வாலிபனைப் பார்க்க அவளுக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. எவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"அக்கா, அதே மாதிரி அண்ணனப் பாத்து ஒரு தடவ சிரிச்சிருங்க. அதோட முடிச்சிக்கலாம்" என்றான் நிலவன்.

"சிரிம்மா" என்றாள் பூங்கோதை.

பாஞ்சாலை போனிலிருந்து தலையைத் தூக்கிக் கொளஞ்சியைப் பார்த்தாள். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

"இவரு இல்லீங்க" என்றாள்.

"போட்டோவுல இருக்குதேக்கா!"

"போட்டோவுல நிக்கிறாரே, அவரப் பாத்துதான் சிரிச்சேன். அவரு எம்மேல பிராது கட்ட மாட்டாருங்க. இவரு வேற ஆளு."

நிலவன் கேமராவை மடக்கிக்கொண்டு கிளம்பினான். எடுத்ததை விட்டுவிடுவானா? சாயங்காலமே போட்டுவிட்டான். இவரு இல்லீங்க என்பதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மூன்று கட்சிகளும் மறுபடி அடித்துக்கொண்டன.

நிலவனை வழியனுப்பப் போன கொளஞ்சி திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். முகம் சுண்டிப்போயிருந்தது. தெருவில் யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, இப்பவாவது மறைக்காம சொல்லு. அப்போ அது யாரு?" என்று கேட்டான்.

பாஞ்சாலை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "பூங்கோத, கதவச் சாத்து" என்றாள்.

மகள் அப்பனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். போய்ச் சாத்தினாள்.