கோடு நனைந்தது

ஐப்பசி மழைக்குப் போடி பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றேன். குரங்கணியிலிருந்து இறங்கி வந்த ஜீப்பு டிரைவர் தலையை நீட்டி, "டீச்சர், தாவீதண்ணே போயிட்டாக. காலைல எந்திரிக்கவே இல்ல" என்றான். ஏலக்காய் லோடு இறக்க வேண்டுமென்று அவன் கிளம்பிவிட்டான். நான் குடையை விரிக்காமலே நடந்தேன்.

பிழைப்புக்காகப் பிரிந்துபோய் வெளியூர்களில் இருந்து இதை வாசிக்கும் நம் பழைய சபையாரே, நீங்கள் தாவீது அண்ணனை மறந்திருக்க மாட்டீர்கள். குரங்கணி அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட நம் பாப்டிஸ்ட் சபைக்கு அவர்தான் மூப்பர். போதகர் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதெல்லாம் அண்ணன்தான். நம் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின் தானாகக் கேட்பவரை ஆற்றில் முழுக்கித்தான் சேர்ப்பார்கள். அதற்கென்றே அண்ணன் ஒரு மூங்கில் கம்பு வைத்திருந்தார், இடுப்பளவில் கத்தியால் கீறிய கோட்டோடு. ஆற்றில் அதை ஊன்றிக் கோடு நனைந்தால்தான் போதகருக்கு ஆள் அனுப்புவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் முழுக்கு எடுத்த அன்று ஆறு இரைந்து ஓடியது. நான் இறங்காமல் கரையிலேயே நின்றேன். தண்ணீர் இழுக்கும் பக்கத்தில், போதகருக்குக் கீழே, அண்ணன் கையை விரித்து நின்றார். "பயப்படாத தாயி. இழுத்துட்டுப் போனா எங்கிட்டத்தான வருவ" என்றார். நான் சிரித்துக்கொண்டே முழுகினேன்.

பிறகு எண்பதுகளில் அந்த வறட்சி. ஆறு வெறும் பாறையாகக் கிடந்தது. அண்ணனின் ஒரே மகள் மேரியும், சபையின் இளவட்டங்கள் அத்தனை பேரும் முழுக்குக்குக் காத்திருந்தார்கள். எஸ்டேட் தொட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று போதகரே சொன்னார். "நின்ன தண்ணி வேணாங்கய்யா. ஓடுற தண்ணி வரட்டும்" என்றுவிட்டார் அண்ணன். அப்படியொரு வீம்பு அந்த மனுசருக்கு! அடுத்த மழையும் ஏமாற்றியது. பையன்கள் பிழைப்புத் தேடி மலைக்கு அப்பால் போனார்கள். மேரிக்குக் கம்பம் பக்கம் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சபையில் தலையில் தண்ணீர் தெளித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து திரும்பும் பஸ்சில் நான் பொரிந்து தள்ளினேன். "தொட்டியில முக்கியிருந்தா அம்புட்டுப் பேரும் இங்கன இருந்திருப்பாகள்ல? நீங்கதாண்ணே சபைய மூடுனீக!"

"தெரியும் தாயி. இப்பத் தெரியுது" என்றார், வெளியே பார்த்தபடி.

போதகர் வருவதும் நின்றது. கடைசியில் ஞாயிறுதோறும் அவரும் நானும்தான். அவர் ஜெபம் பண்ணுவார், நான் ஆமென் சொல்வேன். அப்புறம் கம்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்புவார். "யாருக்குண்ணே பாக்குறீக?" என்றால், "பாத்து வைப்போம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அழுகையும் வரும்.

அடக்கத்துக்குப் போதகர் கிடைக்கவில்லை. நானே வசனம் வாசித்தேன். மேரி அந்தக் கம்பைக் கொண்டுவந்து, "அத்தே, நீங்களே வச்சுக்கங்க. என்னால பாக்க முடியல" என்று என் கையில் கொடுத்தாள். சபைக் கதவைப் பூட்டினேன். இனி திறக்க வேலையில்லை. அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கம்பு ஒன்றுதான்.

வரும் வழியில் ஆற்றில் ஊன்றிப் பார்த்தேன். கோடு நனைந்தது. அண்ணே, தண்ணி வந்துருச்சு. இறங்கத்தான் ஆளில்லை.