‘இல்லை’ என்று சொல்லாத கடை

ஜவ்வாது மலையில் இருந்த எங்கள் மளிகைக் கடையில் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் கிடைக்காது. மற்றபடி, பாதி நாள் எதுவுமே கிடைக்காது.

அது அப்பாவின் சட்டம். சரக்கு தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று வாயால் சொல்லக் கூடாது. “‘இல்ல’ன்னு சொன்னா இருக்கிறதும் போய்டும்டா. ‘வரும்’னு சொல்லு” என்பார். வெள்ளிக்கிழமைதோறும் போளூருக்கு இறங்கிப் போய், காலியானதையெல்லாம் வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்.

முழுப்பரீட்சை விடுமுறையில் அந்த நாட்களுக்கு நான்தான் முதலாளி. அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தால்தான் முதலாளியின் தலை வெளியே தெரியும். அம்மா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு படவேட்டிலிருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மலையில் எங்களுக்கு வேறு சொந்தம் கிடையாது. எண்ணெய் டின்னில் தெரியும் என் முகத்தோடு பேசிப் பார்த்தேன். அது என்னைவிட அசடாக இருந்தது.

அதனால் கடைக்கு வந்தவர்களை விடுவதேயில்லை. ‘வரும்’ என்று சொன்னால் திரும்பவும் வருவார்கள் என்று கண்டுபிடித்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை டார்ச் லைட் பேட்டரி கேட்டார்கள். சாயங்காலம் வரும் என்றேன். ஆட்டுக் கழுத்துக்கு மணி, வரும். ஒருவர் கிண்டலாக டிராக்டர் டயர் கேட்டார். முதல் டயரே உங்களுக்குத்தான் என்றேன். ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் சோப்பு வாங்க வந்து, “இன்னாடா, உங்கம்மாவ வூட்டாண்ட காணோம்?” என்றார்.

“வரும்க்கா.”

சாயங்காலம் அப்பா வேனிலிருந்து இறங்கியபோது கடைமுன் திருவிழாக் கூட்டம்.

“டயரா? எந்த மடையன் சொன்னது?”

எல்லோரும் மடையனைக் கைகாட்டினார்கள். சிரித்து ஓய்ந்ததும் அந்த அக்கா, “வூட்டுக்காரம்மாவும் வரும்னு சொல்லுச்சிண்ணா கொயந்த. எப்போ வர்றாங்க?” என்றார்.

அப்பா தோளிலிருந்த மூட்டையை மெதுவாக இறக்கிவைத்தார்.

“இல்லம்மா. அவ வரமாட்டா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வியாபாரி பேசுகிற பேச்சா இது, அதுவும் இத்தனை பேர் முன்னால்? சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அப்டி சொல்லக் கூடாதுப்பா. வரும்னு சொல்லணும்.”

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா மூட்டையின் வாய்க்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாண்டா. மாத்தி சொல்லிட்டேன். வரும்.”

அப்பாவையே திருத்திவிட்ட பெருமையில் அன்று எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

அதற்குப் பிறகு அந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். ஒவ்வொரு தடவையும் உப்புதான் வாங்கினார். அவர் வீட்டில் உப்பிலேயே குழம்பு வைக்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். அரிசி மூட்டைப் பக்கம் நின்று என்னோடு வெகுநேரம் பேசுவார். அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கவே மாட்டார். பாவம், மறதிக்காரர் என்று நானே ஞாபகப்படுத்தி அனுப்புவேன்.

“அம்மா வரும்க்கா.”