மூடிய வாயின் அழுகை

சோப்பு நுரை வழியும் கையோடு ஓடிவந்தவன் தொட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் ஒட்டியிருந்தன. கன்னத்தில் காய்ந்த எச்சில் கோடு. அழுகை மட்டும் நிற்கவில்லை. விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி உயர்ந்து, மகளின் குரலிலேயே தொட்டிலுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

மார்பில் விரல் வைத்துப் பார்த்தான். நிதானமாக ஏறி இறங்கியது. உதட்டின் மேல் வைத்தான். விரலுக்கடியில் அழுகை இல்லை. ஆனால் அது அடங்கவும் இல்லை.

"சரிதான்" என்று சொல்லிக்கொண்டு மிச்சப் பாத்திரத்தைக் கழுவப் போனான். கொஞ்ச நாளாக இப்படித்தான்.

ஆணிப் பட்டறையில் சேர்ந்தபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கம்பியை இழுத்து, வெட்டி, தலையை அடித்துத் துப்பும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். உள்ளே யாரும் வாயால் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலைக் காட்டுவார்கள். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் வயிற்றுக்கு முன்னால் ஒரு தொப்பையை வரைவார்கள். முதல் வாரம் வீட்டில் படுத்தபோது தலையணைக்குள் ஆணி கொட்டிக்கொண்டிருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. பிறகு அவன் குரல் உயர்ந்தது. கடையில் அவன் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் எடைபோடுவார்கள் என்று கிண்டல் செய்து, 'மைக்' என்று பேர் வைத்தார்கள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள்தான் அவன் வாயைத் திறந்தாலே திடுக்கிட்டு அழுதாள். அவள் அழுவது அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மாலை ஷிப்ட். அவனுக்குக் காலை ஷிப்ட். மாலையானால் குழந்தை அவன் பொறுப்பு.

பாத்திரத்தை முடித்துவிட்டு, தொட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். அழுகை கேட்டது. திரும்பவில்லை. எத்தனை தடவைதான் ஓடுவது?

ஒரு நிழல் அவன்மேல் விழுந்து கடந்தது. ஷிப்ட் முடிந்து, தன் சாவியால் கதவைத் திறந்து வந்த மனைவி. செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிலுக்கு ஓடினாள். அவன் திரும்பினான். குழந்தையின் கால் தொட்டில் கம்பிகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. முகம் கறுத்துச் சிவந்திருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. அந்த வாய் அசைவதும் அவன் காதில் கேட்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வாய் மூடி மூச்சிழுத்த நேரத்திலும் அழுகை கேட்டது.

"எவ்வளவு நேரமா கத்துறா! கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டித் தட்டிக் கை வலிச்சு நிக்கிறாங்க. உங்களுக்குக் கேக்கலையா?" அவன் முகத்துக்கு நேராக நின்று கத்தினாள்.

"கேட்டுச்சு."

"கேட்டுமா வெங்காயம் உரிச்சீங்க?"

"அது எப்பவும் கேக்குதும்மா. இவ தூங்கும்போதும் கேக்குது."

அவள் குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிவந்த காலைத் தேய்த்துவிட்டாள். "நாளைக்குத்தானே பட்டறையில காது பரிசோதனை? உள்ளதைச் சொல்லுங்க. இல்லைன்னா இவளை எங்க அக்கா வீட்டுல விட்டுடுவேன். இனிமே உங்ககிட்ட தனியா விட எனக்கு தைரியம் இல்லை."

"சொன்னா வேலை போயிடும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

எல்லாரும் என்றால் சோடாபுட்டி. பக்கத்து இயந்திரத்துக்காரன். வருடாவருடம் சட்டப்படி வரும் பரிசோதனை வண்டிக்குள் ஒரு சின்ன அறை உண்டு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். பரிசோதிக்கும் பெண் சத்தத்தை அனுப்பும்போது அவள் முழங்கை லேசாக இறங்குவது அறையின் கண்ணாடி வழியே தெரியும். அவ்வளவு தடித்த மூக்குக்கண்ணாடிக்காரன்தான் அதைக் கண்டுபிடித்தான். "காது போனவனை எவன்டா வச்சுக்குவான்? முழங்கையைப் பாரு, அழுத்து" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தான். பட்டறையில் ஒரு காதும் பழுதில்லை என்றே ஒவ்வொரு வருடமும் முடிவு வந்தது. அதனால் இயந்திரங்களுக்குச் சத்தத்தை அடக்கும் மூடி வரவில்லை. காதுக் கவசங்கள் ஆபீஸ் தகர அலமாரியில் புதுக்கருக்கு அழியாமல் கிடந்தன.

பரிசோதனை அன்று வண்டிப் படியருகே சோடாபுட்டி முழங்கையை மடக்கிக் காட்டிக் கண்ணடித்தான். மைக் படியேறினான். உள்ளே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டான். கதவு மூடிக்கொண்டது. வெளியுலகம் அற்றுப்போனது. அந்த அறையில் அழுகை மிகப் பக்கத்தில் இருந்தது, மடியில் கிடப்பதுபோல. அது உயரும்போதெல்லாம் அழுத்தினான்.

கதவு திறந்தது. பரிசோதகி குனிந்து சத்தமாகக் கேட்டாள்: "என்னண்ணா இப்படி அழுத்துறீங்க? நான் இன்னும் மெஷினையே போடலையே."

"குழந்தை அழுவுது, மேடம்."

அவள் தன்னையறியாமல் அறையின் மூலைகளைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். தொட்டில், கம்பியில் மாட்டிய கால், கடைசியில் முழங்கை. அவள் தன் முழங்கையை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வேலை போயிடும்னு பயந்தா?"

தலையாட்டினான்.

"சத்தத்தை அளக்கிறது, மூடி போட்டுக் குறைக்கிறது, கவசத்தைச் சும்மா கொடுக்கிறது, காது கெட்டவங்களைச் சத்தமில்லாத இடத்துக்கு மாத்துறது, எல்லாம் முதலாளி செஞ்சே ஆகணும். சட்டம் அது. எல்லாக் காதும் நல்லா இருக்குன்னு நானே எழுதிக் கொடுத்தா, அவரு எதுக்குச் செய்யப்போறாரு?"

"போன காது?"

"அது வராதுண்ணா."

மறுபடி உட்காரவைத்துச் சோதித்தாள். முடித்ததும் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியின் மேல் தொங்கவிட்டாள். "அடுத்தவரை வரச்சொல்லுங்க."

சோடாபுட்டி சிரித்துக்கொண்டே ஏறினான். மைக் அவன் முகத்தைப் பார்க்காமல் படியிலேயே நின்றான். பரிசோதகி சத்தத்தை அனுப்பினாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. கூட்டினாள். எரியவில்லை. அதற்கு மேல் ஏற்ற அந்தக் கருவியில் இடமில்லை என்னுமளவுக்குக் கூட்டினாள். பிறகு துண்டின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். சோடாபுட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் பொத்தானின்மேல் தயாராக இருந்தது. துண்டைப் பார்த்தபடி, முழங்கைக்காகப் புன்னகையோடு காத்திருந்தான்.

பரிசோதகியின் அறிக்கை போய்ச் சேர்ந்த மறுநாள் மூன்று இயந்திரங்கள் ஓடவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் சத்தம் அளக்கும் கருவியோடு நடந்தார். முதலாளி தகர அலமாரியின் சாவியோடு பின்னால் போனார். ஒருவர் மூடிகளுக்கு டேப் வைத்து அளந்தார். கவசங்களைக் கொடுத்தார்கள். மைக்கையும் சோடாபுட்டியையும் பெட்டி கட்டும் அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான் என்று சூப்பர்வைசர் கையால் சொன்னார். சோடாபுட்டி மத்தியானம்வரை இவன் பக்கம் திரும்பவில்லை. பிறகு கட்டைவிரலைக் காட்டினான். மைக் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

மாலையில் மனைவி ஒரு மெல்லிய கயிற்றின் ஒரு முனையைத் தொட்டிலிலும் மறுமுனையை அவன் மணிக்கட்டிலும் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அவன் வெங்காயம் உரித்தான். அழுகை கேட்டது. கயிறு தொய்ந்து கிடந்தது. உரித்துக்கொண்டேயிருந்தான். பிறகு கயிறு இழுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.