பலகையில் மிஞ்சிய செருப்பு

என் அப்பாவும் மாமாவும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அப்பா ஒரு டம்ளர் காப்பியைக் குடிப்பதற்குள் மாமா குளித்து, சாப்பிட்டு, தலை சீவி, பஸ்சைத் தவறவிட்டு, அடுத்த பஸ்சையும் பிடித்திருப்பார். மாமா என் அம்மாவின் தம்பி. மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர் என்பதால், உலகத்தில் எல்லாரும் எல்லா வேலையையும் தேவைக்கு மேல் இழுத்தடிக்கிறார்கள் என்பது அவருடைய உறுதியான கருத்து.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், போடிமெட்டுக்குக் கீழே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கட்ட ஆரம்பித்தார்கள். பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். அதுவரை எங்கள் காயைப் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் கெஞ்சிக் கூத்தாடித்தான் உலர்த்திக்கொண்டிருந்தோம். அடுத்த காய் எடுப்புக்குள் சொந்த ஸ்டோர் எழும்பிவிட வேண்டும் என்று அப்பாவே கொஞ்சம் வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தார். மலைச்சரிவில் சமதளம் ஏது? சரிவை வெட்டி, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே நீளமாகக் குழி பறித்து, அதிலிருந்து கல்சுவர் எழுப்ப வேண்டும். அதற்காகச் சிலமலையிலிருந்து ஒரு மேஸ்திரி எட்டு ஆட்களோடு வந்து இறங்கினார். நாலு ஆண்கள் குழிக்குள் வெட்டுவார்கள். நாலு பெண்கள் மேலே நின்று மண் சுமப்பார்கள்.

மேஸ்திரி குள்ளமான மனிதர். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். ஆனால் அவர் வைத்த சட்டங்கள் இருக்கிறதே, எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தோற்றார். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் கொட்டக் கூடாது, நாலு எட்டு தள்ளித்தான் கொட்ட வேண்டும். குழியின் இரண்டு பக்கச் சுவரிலும் பலகை வைத்து, நடுவே சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுக்காமல் அடுத்த அடி வெட்டக் கூடாது. விளிம்பில் யாரும் உட்காரக் கூடாது. சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றைத் தாண்டி நான் ஒரு விரல்கூட வைக்கக் கூடாது என்று எனக்கென்று தனியாக ஒன்று.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது செருப்புப் பலகை. கயிற்றுக்கு வெளியே ஒரு நீளப் பலகை கிடக்கும். குழிக்குள் இறங்குகிறவர் தன் செருப்பை அதில் கழற்றி வைத்துவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் முதல் வேலையாக மாட்டிக்கொள்ள வேண்டும். செருப்பே இல்லாமல் வந்தவர்களுக்கு மேஸ்திரி டயர் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். பலகையில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சாப்பாட்டு வேளையிலும் சாயங்காலத்திலும் மேஸ்திரி ஆட்களைப் பார்க்க மாட்டார், பலகையைத்தான் பார்ப்பார்.

மாமாவுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. கோயிலுக்குள் போகிற மாதிரியல்லவா குழிக்குள் போகிறார்கள் என்று கேலி பேசுவார். எனக்கோ அந்த வரிசையில் என் செருப்பும் இருக்க வேண்டும் என்று ஒரே ஏக்கம். போடிச் சந்தையில் வாங்கிய சிவப்பு வார் செருப்பு அது.

அன்று காலை மேஸ்திரி இன்னும் கொஞ்சம் சவுக்குக் கம்பு வாங்கப் போடிக்கு ஜீப்பில் இறங்கிப் போனார். பொறுப்பு மாமா கைக்கு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மாமா ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். மண்ணை நாலு எட்டு தூக்கிக்கொண்டு போவதால்தான் வேலை இழுக்கிறது. பக்கத்திலேயே கொட்டினால் பாதி நேரம் மிச்சம். அப்படியே கொட்டச் சொன்னார். மதியத்துக்குள் குழியின் மேல்விளிம்பில் ஒரு குட்டி மலை எழும்பியது. மாமா இடுப்பில் கைவைத்து அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நான் என் சிவப்புச் செருப்பைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைத்தேன். பலகை கயிற்றுக்கு வெளியே இருந்ததால் எந்தச் சட்டத்தையும் நான் மீறவில்லை. கொஞ்ச நேரம் அதன் அழகைப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு ஓடைக்கு நண்டு பிடிக்கப் போய்விட்டேன்.

பிறகு நடந்ததை நான் பலர் சொல்லக் கேட்டதுதான். மூன்று மணிவாக்கில் கோடைமழை பிடித்துக்கொண்டது. அதே நேரம் மேஸ்திரியின் ஜீப்பும் வந்து சேர்ந்தது. மண்குவியலைப் பார்த்ததும், எப்போதும் சத்தமே எழும்பாத மனிதர் மலையே அதிரக் கத்தி எல்லாரையும் மேலே வரச் சொன்னார். நாலு பேரும் ஏணியில் ஏறி வந்தார்கள். கடைசி ஆள் மேலே காலெடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில், மாமாவின் குட்டி மலை விளிம்பையும் இழுத்துக்கொண்டு ஒரு மூலையில் சரிந்து குழிக்குள் இறங்கியது. நாலு பேரும் செருப்பை மாட்டினார்கள். மேஸ்திரி பலகையைப் பார்த்தார்.

ஒரு ஜோடி மிஞ்சியிருந்தது. சின்னது. சிவப்பு வார்.

யாரோ ஓடிப்போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இல்லை என்று வந்தார்கள். அட்டை நெளிகிற மழையில் பிள்ளை செருப்பில்லாமல் வேறு எங்கே போயிருக்கும்? நீளக் குழியின் மறுகோடியில், முட்டுக் கம்புகளுக்கு அப்பால் இறங்கி ஒளிந்திருந்தால் வெட்டிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் தெரிந்திருக்காது. தவிர, அந்தப் பலகை அன்றுவரை பொய் சொன்னதில்லை. அப்பா குழியை நோக்கி ஓடினார், மாமா அவருக்கு முன்னால் ஓடினார். மேஸ்திரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஏணியை மறித்தார்.

“என் புள்ள உள்ள கெடக்குய்யா” என்றார் அப்பா.

“அதுக்குத்தாண்ணே சொல்றேன். நீங்க குதிச்சா மிச்ச மண்ணும் அவ தலையிலதான் விழுகும். மொதல்ல முட்டு. ஒரு சத்தம் வரக்கூடாது. உள்ள இருந்து புள்ள மொனகுனா எனக்குக் கேக்கணும்.”

அவர் சொன்னபடியே பலகையும் கம்பும் இறங்கின. விளிம்பில் மிச்சமிருந்த மண்ணைப் பெண்கள் மெதுவாகத் தள்ளி அப்புறப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் மேஸ்திரி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓர் ஆளோடு இறங்கினார். மண்வெட்டி என் மேல் பட்டுவிடக் கூடாது என்று கையாலேயே அள்ளி அள்ளிக் கூடையில் போட்டார்கள். கூடை மேலே வந்து, வரிசையாக நின்றவர்களின் கைமாறி, தூரத்தில் போய்க் கவிழ்ந்தது. மழைக்காக எல்லாரும் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

நான் ஓடையிலிருந்து வந்தபோது கண்டது இந்தக் காட்சியைத்தான். மேஸ்திரி, அப்பா, மாமா, ஜீப் ஓட்டி வந்தவர் உட்பட அத்தனை பேரும் மழையில் வேலை செய்கிறார்கள். மாமாவும் அப்பாவும் அடுத்தடுத்து நின்று, சண்டை போடாமல் கூடையைக் கைமாற்றுகிறார்கள்! அம்மா மட்டும் பலாமரத்தடியில் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வாய்க்காது என்று பட்டது. ஓடிப்போய் ஒரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன், அது முழங்கால்வரை வந்தது. வரிசையின் கடைசியில், இரண்டு பெண்களுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருந்தது. அதில் போய் நின்றுகொண்டேன். கயிற்றைத் தாண்டவில்லை.

கூடை என் கைக்கு வந்தது. கொடுத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் குழியிலேயே இருந்தது. வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தேன். அடுத்த கூடை. அதற்கடுத்தது. எப்பேர்ப்பட்ட சந்தோஷம் தெரியுமா! கை வலித்தது, மூக்கில் மழைநீர் ஒழுகியது, காலில் அட்டை ஏறியது, நான் எதையும் சட்டை செய்யவில்லை. பெரியவர்கள் வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். எல்லாரும் பேசாமல் இருந்ததால் நானும் உதட்டை இறுக்கிக்கொண்டு மனதுக்குள்ளேயே எண்ணினேன்.

குழிக்குள் மூச்சு முட்டியதோ என்னவோ, மேஸ்திரி ஏணியில் இரண்டு படி ஏறித் தலையை மட்டும் வெளியே நீட்டினார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்களின் முகம் தெரியாது, கால்கள்தான் தெரியும். வரிசையாக டயர் செருப்புகள். அவர் கண் ஒவ்வொரு காலாக நகர்ந்து போய், ஓரிடத்தில் நின்றது.

“அந்தக் கடைசிக்கு முந்துன காலு யாரோடது?” என்று கேட்டார். “செருப்பில்லாம, அட்டை கடிச்சிருக்கே, அது.”

எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்தில் நின்றவள் என் கொங்காணியைத் தூக்கினாள். கூடையை ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அங்கே கிளம்பிய சத்தம் போடிமெட்டுக்குக் கேட்டிருக்கும். அம்மா ஓடிவந்து முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். மாமா சேற்றில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்ததால் சிரிக்கிறார் என்றே நினைத்தேன். மேஸ்திரி மட்டும் அவசரப்படவில்லை. உள்ளே இருந்த ஆளை முதலில் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் ஏறி, தன் செருப்பை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். என் ஜோடியை எடுத்துவந்து என் காலடியில் வைத்து, “மாட்டு ஆத்தா” என்றார். குரல் பழையபடி பாதிதான் கேட்டது. நான் மாட்டிக்கொள்ளும்வரை அங்கேயே குந்தியிருந்தார்.

மறுநாள் காலை ஆட்கள் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மிச்ச மண்ணை மாமா ஒருவரே கூடை கூடையாகச் சுமந்தார். சரியாக நாலு எட்டா என்று மேஸ்திரி பின்னாலேயே நடந்து அளந்தார். ஒரு தடவை மூன்றரைதான் என்று திருப்பி எடுக்க வைத்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மாமாவும் சேர்ந்துகொண்டார். அந்த ஆடியில் ஸ்டோருக்குக் கூரை ஏறியது.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த மழை நாளின் சாயங்காலம்தான். மாமா போடிமெட்டுச் சாயாக்கடை வரை நடந்துபோய் எல்லாருக்கும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிவந்தார். நான் நன்றாக வேலை செய்ததற்காகத்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் கூச்சப்படாமல் மூன்று தின்றேன். அப்பா என்னை மடியில் வைத்து, காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவினார். எத்தனை கூடை சுமந்தாய் என்று கேட்டார்.

“பத்தொம்பது” என்றேன்.

சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். சொன்னேன். அடுப்பங்கரையில் அம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். அப்பா இன்னொரு தடவை கேட்டார். இந்த முறை அவர் காதருகில் வாயை வைத்துக் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துவிட்டு, “எத்தனை?” என்றார்.

பாவம், மழையில் ரொம்ப நேரம் நின்றதில் அப்பாவுக்குக் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். அவருக்குக் கேட்கட்டும் என்று, தூக்கம் வரும்வரை சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.