பஸ் பேப்பர்

அந்தப் படிவத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் இருந்தது. 'விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம்' என்று அதன் தலையில் அச்சிட்டிருக்கும். இரண்டு வரி எழுதலாம். நான் 'ஆர்வம்' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தேன். அதுவும் என் சொல் இல்லை. எனக்கு முன்னால் எழுதியவளைப் பார்த்து எழுதினேன். அவள் அவளுக்கு முன்னால் இருந்தவளைப் பார்த்து எழுதியிருந்தாள்.

இந்த வாரம் பெரம்பலூரில் எம்.எஸ்சி. கடைசிப் பருவத்துக்கான பாடப் பதிவைப் போனிலேயே முடித்துவிட்டேன். பாடத்தின் பெயரைத் தொட்டால் பச்சையாகிறது. ஆலோசகரின் ஒப்புதல் சாயங்காலத்துக்குள் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. அதில் காரணம் கேட்கும் கட்டம் கிடையாது. பதிவு முடிந்த கையோடு, அரியலூரில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தபோது எங்கள் வகுப்பு ஆலோசகராக இருந்த மேடத்தை நினைத்துக்கொண்டேன். அவர் அன்று அந்தக் கட்டத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் போனில் எனக்கு வேலையே இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் படிப்பு என்று வெளியே போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். அதை மறைக்க நினைப்பதில்லை. அம்மா பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் போகிறவள். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறார், தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். கல்லூரியில் சேர்த்துவிட்டார்களே தவிர, பருவம் என்றால் என்ன, விருப்பப் பாடம் எதற்கு, எதை எடுத்தால் பின்னால் எந்தக் கதவு திறக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. அதனால் என்னோடு பஸ்ஸில் வந்த பெண்கள் எதைச் செய்தார்களோ அதையே நானும் செய்தேன். முதல் இரண்டு வருடமும் அதில் ஒரு குறையும் வரவில்லை.

எங்கள் ஊர் செந்துறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையில் வரும் பஸ் எங்களை எட்டேகாலுக்கே அரியலூரில் இறக்கிவிடும். வகுப்பு பத்து மணிக்குத்தான். அதுவரை கல்லூரி வாசலில் இருக்கும் புங்க மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவோம், ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவோம். திரும்பிப் போக மூன்று இருபதுக்கு ஒரு பஸ். அதை விட்டால் ஏழு மணிக்கு மேல்தான். நடுவில் செந்துறை வரைக்கும் வேறு பஸ்கள் உண்டு. ஆனால் அங்கிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும், பாதி தூரம் சீமைக்கருவேலங்காடு. ஒரு தடவை பொழுது இறங்கி வீட்டுக்கு வந்தால் மறுநாள் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பதினோரு பேர் வீட்டிலும் இதுதான் சட்டம்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் இரண்டு விருப்பப் பாடங்களில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். ஒன்று நுண்ணுயிரியல். அதற்கு வாரம் ஒரு நாள் பிற்பகலில் செய்முறை வகுப்பு, நாலரை வரை நடக்கும். மற்றது மண்புழு வளர்ப்பு. அதற்குச் செய்முறை இல்லை, மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள். எங்கள் வழித்தடத்துப் பெண்கள் வருடாவருடம் மண்புழு வளர்ப்பைத்தான் எடுத்து வந்தார்கள். அதற்கு 'பஸ் பேப்பர்' என்றே பெயர். அக்காமார்கள் படித்த நோட்டுகள் அப்படியே எங்கள் கைக்கு வந்திருந்தன.

ஆலோசகர் மேடம் எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். முப்பது வயதுகூட இருக்காது. செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூர் வந்து, அங்கே பஸ் மாறி அரியலூர் வருவார். அவரை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிரிக்க மாட்டார். சாப்பிடும்போதுகூட இடது கையால் எதையாவது புரட்டிக்கொண்டிருப்பார். முதலாம் ஆண்டில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, டிகிரி முடித்த பிறகு என்ன செய்ய ஆசை என்று கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வாங்கியிருந்தார். எல்லாரும் ஏதோ எழுதிக் கொடுத்தோம். அதை யாராவது மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள் என்று எங்களில் ஒருத்தியும் நினைக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை மேடம் எங்கள் படிவங்களை வகுப்பிலேயே பிரித்தார். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர்வம், ஆர்வம், ஆர்வம். பதினோரு பேருக்கும் ஆர்வம். ஏம்மா, மண்புழு மேல அப்படி என்னம்மா பாசம் உங்களுக்கு?"

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பத்துப் பேர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவைத்தார். என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு துறை அறைக்கு வரச் சொன்னார். அங்கே மேசை மேல் அந்தப் பழைய பதிவேடு திறந்திருந்தது. என் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் 'எம்.எஸ்சி. நுண்ணுயிரியல்' என்று இருந்தது.

"இது நீ எழுதினதுதானே?"

"ஆமாங்க மேம்."

"பெரம்பலூர்ல அந்தக் கோர்ஸ்ல விலங்கியல் பிள்ளைங்களச் சேத்துக்கணும்னா, மார்க் ஷீட்ல நுண்ணுயிரியல் பேப்பரும் அதோட செய்முறையும் இருக்கணும். இல்லாட்டி விண்ணப்பத்தைக் கையில வாங்கமாட்டாங்க. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. இல்லை என்று தலையாட்டினேன். மேடம் கோபப்பட்டார். "ஆசைன்னு எழுதுறது. கொஞ்சம் கஷ்டமான பேப்பர்னா ஓடிப்போறது."

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வெயிலில் அம்மாவோடு பருத்தி எடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்தவள் நான். கஷ்டத்துக்குப் பயந்து ஓடுகிறேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டு நிற்பதா? "கஷ்டத்துக்காக இல்லைங்க மேம். மூணு இருபதுக்குப் பஸ்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"எந்த பஸ்?"

அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. அவர் வந்து போகும் திசை வேறு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். காலை எட்டேகால், மாலை மூன்று இருபது, செந்துறை, நாலு கிலோமீட்டர், கருவேலங்காடு. மேடம் பேனாவை எடுத்து 'ஆர்வம்' என்பதை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் 'பேருந்து' என்று எழுதினார். கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எட்டேகாலுக்கு வந்து பத்து மணி வரைக்கும் என்ன பண்ணுறீங்க?"

"மரத்தடியில இருப்போம் மேம்."

மூன்று மணி நேரச் செய்முறையை இரண்டு காலைகளாகப் பிரித்து எட்டரைக்கு நடத்த முடியும், ஆய்வகம் அப்போது சும்மாதான் இருக்கிறது என்றார். ஆனால் தனிப் பிரிவு என்றால் பத்துப் பேராவது வேண்டும். "ஒருத்திக்காகப் போய்க் கேக்க முடியாதும்மா. நானே இங்க நிரந்தரம் இல்ல. பத்துப் பேர் பேரக் கொண்டா, கேக்குறேன். பாடம் மாத்திக்க வெள்ளிக்கிழமை கடைசி." இரண்டு நாள் இருந்தது.

அன்று பஸ்ஸில் பேச்சை எடுத்தேன். கையெழுத்து ஆகிவிட்ட படிவத்தை மாற்ற யாருக்குத்தான் மனம் வரும்?

"அடியே, நீ எம்.எஸ்சி. போறதுக்கு நாங்க எதுக்குடி மைக்ராஸ்கோப்புல கண்ண நோவடிச்சுக்கணும்?" என்றாள் ஒருத்தி.

"மண்புழுவ நம்ம கொல்லையிலயே பாத்துக்கலாம்டி. பாக்டீரியாவ எங்க போயிப் பாப்ப?"

"ஏன், உங்க வூட்டுத் தண்ணித் தொட்டியில இல்லாததா?"

பஸ் முழுக்கச் சிரித்தது, கண்டக்டரும் சேர்ந்து. ஆனாலும் இறங்குவதற்குள் மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். ஆய்வக வேலை தெரிந்தால் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருத்திக்கு எண்ணம். இன்னொருத்திக்கு மரத்தடி அலுத்துவிட்டது. வியாழக்கிழமை மேலும் ஐந்து பேர். வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் சேர்த்து ஒன்பதில் நின்றது. மீதி இருவரில் ஒருத்தி முடியவே முடியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். இன்னொருத்தி என் நெருங்கிய தோழி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கார்த்திகையில எனக்குத் தாலி. எனக்கெதுக்குடி இந்தப் பாடு?" என்று கேட்டிருந்தாள். அவளை அதற்கு மேல் கெஞ்ச எனக்குக் கூசியது.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அவளே வந்து நின்றாள். "எழுதிக்கடி. தாலி கட்டுற வரைக்கும் வந்து, பாக்டீரியா மூஞ்சி எப்படித்தான் இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்." ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் படிப்பை விடவில்லை என்பது தனிக் கதை.

பத்துப் படிவங்களோடு மேடம் துறைத் தலைவர் அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே பேசுவது கேட்டது.

"இதெல்லாம் புதுப் பழக்கம். காலையில எட்டரைக்கு லேப் யாரு திறப்பா?"

"நான் திறக்குறேன் சார்."

"செட்டிகுளத்துலேர்ந்து எட்டரைக்கு வந்துருவீங்களா?"

"அஞ்சே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு சார்."

மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை கையெழுத்துப் போடணும்?" என்றார் துறைத் தலைவர்.

மேடம் வெளியே வந்தபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் செல்லும். நான் கூடவே ஓடினேன். மேடம் நின்று, "நீ எங்க வர்ற? பஸ் போயிடும், கிளம்பு. நான் பாத்துக்குறேன்" என்று துரத்தினார். பஸ் ஏறிவிட்டேன். ஆனால் அலுவலகம் வாங்கிக்கொண்டதா என்று தெரியாமல் சனியும் ஞாயிறும் எப்படிக் கழிந்தன என்று எனக்குத்தான் தெரியும். மேடத்தின் நம்பர்கூட என்னிடம் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளும் தூங்க மாட்டாள். திங்கட்கிழமை எட்டேகாலுக்கு இறங்கி அறிவிப்புப் பலகைக்கு ஓடினோம். நுண்ணுயிரியல், காலைப் பிரிவு. கீழே பத்துப் பதிவு எண்கள். பக்கத்தில் ஆய்வகக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேடம் தலை ஈரம் காயாமல் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லப் போனேன். "அப்புறம் சொல்லு. முதல்ல பர்னரப் பத்தவை" என்றார்.

அந்தப் பருவம் முழுவதும் வாரம் இரண்டு நாள் அந்த முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார். அதற்காக எங்களிடம் ஒரு நாளும் கனிவாகப் பேசியதில்லை. கறை படிந்த தகட்டைக் காட்டி, "இதுல பாக்டீரியா இல்லம்மா, உன் கைரேகைதான் தெரியுது" என்பார். பத்துப் பேரில் ஒருத்தி அந்தப் பேப்பரில் தோற்று மறுபடி எழுதித் தேறினாள். இன்றைக்கும் என்னை எங்கே பார்த்தாலும் திட்டுகிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன். நாங்கள் டிகிரி முடித்த வருடமே மேடமும் அந்தக் கல்லூரியை விட்டுப் போய்விட்டார். இப்போது குன்னம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் காலைப் பிரிவு மட்டும் அங்கே நின்றுவிடவில்லை.

பெரம்பலூரில் சேர்க்கைக்கு அம்மாவும் கூட வந்தாள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எங்கள் குடும்பத்துக்கு ஏதாவது ஒன்று குறையாகத்தான் இருக்கும். சாதிச் சான்று பழசு, பேரில் எழுத்து மாறியிருக்கு, நாளைக்கு வா. ரேஷன் கார்டுக்கு அலைந்ததிலிருந்து அம்மாவுக்கு அது பழகிப்போயிருந்தது. அவள் வெளியே படிக்கட்டில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். உள்ளே சான்றிதழ் பார்ப்பவர் என் மதிப்பெண் பட்டியலை விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஐந்தாம் பருவத்தில் விரல் நின்றது. நுண்ணுயிரியல். அடுத்த வரி, நுண்ணுயிரியல் செய்முறை. விரல் நகர்ந்தது. முத்திரையைக் குத்தி என்னிடம் தள்ளிவிட்டு, "அடுத்து யாரு?" என்று என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

வெளியே வந்ததும் அம்மா பதறி எழுந்தாள்.

"என்ன பாப்பா சொன்னாங்க? எது இல்லைங்கிறாங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லலை."

அம்மா என் முகத்தையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, காலையிலிருந்து நின்றே இருந்தவள் போல, மெதுவாக அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.