தம்பி பாடிய வீதியுலா

துறுதுறுப்பான என் பேரனை நடந்துகொண்டே படிக்கவிடச் சொன்னார் மருத்துவர். கூடத்தில் அவன் காலடியோசை கேட்டதும், அறுபது ஆண்டுகளைத் தாண்டித் திண்டுக்கல்லுக்குத் துள்ளியது என் மனம்.

தேவார வகுப்பில் என் தம்பியால் ஒரு பாட்டு முடியும்வரைகூட உட்கார முடியாது. "இவனுக்கு ஏறாதும்மா, இனிமே அனுப்பாதீங்க" என்றார் ஓதுவார். தம்பி அழுதழுது சோறும் உண்ணவில்லை.

திருவிழாவன்று அம்மா அவனைக் கோயிலுக்கு, ஓதுவாரிடம் இழுத்துச் சென்றாள்.

"சாமியே எந்திரிச்சு வீதி சுத்தப் போகுதுங்கய்யா. பின்னாலயே இவனும் நடந்துக்கிட்டுப் பாடட்டும்."

ஓதுவார் சிரித்துவிட்டார். கற்பூரமும் மல்லிகையும் மணக்க, இறைவன் திருவுலாவின் பின்னே குதித்துக் குதித்து நடந்த தம்பி, நான்கு வீதியிலும் ஓரடி பிசகாமல் பாடினான்! எனக்கு மெய்சிலிர்த்தது.

கோயில் வாசலில் ஓதுவார் அவன் தோளைத் தொட்டார்.

"நாளைக்கு வா அப்பு. பிரகாரத்துல நடந்துக்கிட்டே படிப்போம்."