மூடிய கை

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். தண்ணீர் லாரி எப்போது வரும், மாடிவீட்டுப் பூனை என்ன நிறத்தில் குட்டி போடும், எதைக் கேட்டாலும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு "எனக்குத் தெரியுமே" என்று தொடங்குவாள். நாலு வயது. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவளைத் 'தெரியுமே' என்றுதான் கூப்பிடுகிறோம்.

என் கண்ணாடி எங்கே என்று ஒருநாள் கேட்டேன். அலமாரியில் என்றாள். அது என் நெற்றியிலேயே இருந்தது. அவள் அசரவில்லை. "இது வேற, தாத்தா. இன்னொண்ணு அங்க இருக்கு."

அவள் அப்பா சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்து வந்ததும், தையல்காரியான மனைவியின் பொத்தான் டப்பாவிலிருந்து சிவப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் எடுத்துக் காட்டுவார். பிறகு திரும்பி நின்று ஒன்றை மட்டும் கைக்குள் மூடிக்கொண்டு மகளிடம் நீட்டுவார். சிவப்பு என்பாள். வெள்ளை இருந்தால், "மனசுல வெள்ளைன்னுதான் சொன்னேன், வாய்தான் மாத்திச் சொல்லிடுச்சு."

"பாக்காம எப்படிடி தெரியும்? தெரியலன்னு சொல்லேன்" என்று அவர் சிரிப்பார். சொல்லமாட்டாள்.

மழைக்காலத்தில் கிரேன் சாய்ந்து அவர் இறந்துபோனார். அன்று குழந்தை சித்தி வீட்டில் இருந்தாள். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். நாங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டாள். படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குழந்தை சொல்வாள், அப்பா நாளைக்கு வந்துவிடுவார், தனக்குத் தெரியுமே என்று. நாங்கள் தலையாட்டிவிட்டுப் படியேறுவோம்.

நேற்று சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தையே டப்பாவைத் துழாவிச் சிவப்பையும் வெள்ளையையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "நீ ஒளிச்சு வை."

அம்மா தயங்கினாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, ஒன்றை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். குழந்தை கையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலம்மா."

"நீ பாக்கலல்ல, அதான்."

"அப்பா நாளைக்கு வருவாருன்னு சொன்னேன்ல. அதுவும் எனக்குத் தெரியாதும்மா." கொஞ்சம் நெருங்கி நின்றாள். "உனக்குத் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. நீட்டியிருந்த கையின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

குழந்தை தன் இரண்டு கைகளாலும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மறுபடி இறுக மூடிவிட்டாள்.